பல்லுலக விளக்கத்தில் நிகழ்தகவு

பல்லுலக விளக்கத்தில் நிகழ்தகவு என்பது குவாண்டம் இயக்கவியலின் அடிப்படைகள் குறித்து 1957 முதல் விவாதிக்கப்பட்டு வரும் ஒரு சிக்கல் ஆகும். ஓர் அளவீட்டில் வரக்கூடிய முடிவுகள் அனைத்துமே வெவ்வேறு கிளைகளில் உண்மையாகவே நிகழ்கின்றன என்று பல்லுலக விளக்கம் கூறுகிறது. எல்லாமே நிகழும் என்றால், "இந்த முடிவு வருவதற்கான நிகழ்தகவு 75 விழுக்காடு" என்ற கூற்றுக்கு என்ன பொருள் என்பதே இச்சிக்கலின் சாரம். குவாண்டம் இயக்கவியலுக்கு ஆதரவான சோதனைச் சான்றுகள் பெரும்பாலும் நிகழ்தகவுகளின் வடிவிலேயே கிடைக்கின்றன. ஆகவே நிகழ்தகவுக்குப் பொருள் சொல்ல இயலாத ஒரு விளக்கம், தன்னைத் தாங்கி நிற்கும் சான்றுகளையே இழந்துவிடும். இக்காரணத்தால் பல்லுலக விளக்கத்தை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இதனை அதன் முதன்மையான சோதனைக்களமாகக் கருதுகின்றனர்.

பின்னணி: போர்ன் விதி

குவாண்டம் இயக்கவியலில் ஒரு துகளின் நிலை அலைச்சார்பு என்னும் கணித அமைப்பால் குறிக்கப்படுகிறது. அலைச்சார்பு காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கூறும் சமன்பாட்டை எர்வின் சுரோடிங்கர் 1926-ஆம் ஆண்டு வெளியிட்டார். இச்சமன்பாட்டில் தற்செயலுக்கு இடமில்லை. தொடக்க நிலை தெரிந்தால் பின்வரும் நிலைகள் அனைத்தும் உறுதியாகக் கணிக்கப்படும்.

அதே ஆண்டில் செருமானிய இயற்பியலாளர் மாக்சு போர்ன், அலைச்சார்புக்கும் சோதனையில் காணப்படும் முடிவுகளுக்கும் உள்ள தொடர்பை எடுத்துரைத்தார். ஒவ்வொரு முடிவுக்கும் அலைச்சார்பு ஒரு வீச்சைத் தருகிறது; அவ்வீச்சின் எண்மதிப்பை வர்க்கப்படுத்தினால் அம்முடிவுக்கான நிகழ்தகவு கிடைக்கும். இதுவே போர்ன் விதி எனப்படுகிறது. போர்ன் தம் கட்டுரையில் முதலில் வீச்சையே நிகழ்தகவுடன் தொடர்புபடுத்தி எழுதியிருந்தார். அச்சுப்படியைத் திருத்தும்போது சேர்த்த அடிக்குறிப்பு ஒன்றில்தான் வர்க்கமே சரியானது என்று குறிப்பிட்டார். இப்பணிக்காக 1954-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

போர்னுக்குத் தென்னிந்தியாவோடும் தொடர்பு உண்டு. யூதர் என்பதால் 1933-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பணியை இழந்த அவர், சர் சி. வி. இராமனின் அழைப்பை ஏற்று 1935–36 குளிர்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றினார். அவருக்கு அங்கு நிலையான பதவி பெற்றுத்தர இராமன் எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. பின்னர் போர்ன் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

மாலஸ் விதி வழியாக ஓர் எடுத்துக்காட்டு

போர்ன் விதியை மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் வரும் மாலஸ் விதியைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ஒரு போலராய்டு தகட்டைக் கடந்து தளவிளைவுற்ற ஒளி, இரண்டாவது போலராய்டு தகட்டின் மீது விழுவதாகக் கொள்க. இரு தகடுகளின் அச்சுகளுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன் மதிப்பை வர்க்கப்படுத்தினால், எவ்வளவு பங்கு ஒளி இரண்டாம் தகட்டைக் கடக்கும் என்பது கிடைக்கும். கோணம் 30 பாகை எனில் கொசைன் மதிப்பு ஏறத்தாழ 0.866, அதன் வர்க்கம் 0.75. அதாவது ஒளிச்செறிவில் முக்கால் பங்கு கடந்து செல்லும்; கால் பங்கு தடுக்கப்படும்.

ஒளி ஃபோட்டான்களால் ஆனது. தனி ஃபோட்டான் ஒன்று முக்கால் பங்கு கடந்து கால் பங்கு தங்கிவிடுவதில்லை. அது முழுதாகக் கடக்கிறது. அல்லது முழுதாகத் தடுக்கப்படுகிறது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பி எண்ணினால், நீண்ட ஓட்டத்தில் நான்கில் மூன்று கடக்கின்றன. எனவே ஒரு ஃபோட்டான் கடப்பதற்கான நிகழ்தகவு 3/4, தடுக்கப்படுவதற்கான நிகழ்தகவு 1/4 என்று கூறப்படுகிறது. இக்கட்டுரையின் பிற பகுதிகளிலும் இதே எடுத்துக்காட்டு பயன்படுத்தப்படுகிறது.

எவரெட்டின் கருத்து

அளவீடு செய்யும்போது பல முடிவுகளுக்கான வீச்சுகளில் ஒன்று மட்டும் நிலைத்து, மற்றவை மறைந்துவிடுகின்றன என்று பாடநூல்கள் பொதுவாகக் கூறுகின்றன. இது அலைச்சார்பின் சரிவு எனப்படுகிறது. இந்தச் சரிவு சுரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து பெறப்பட்டதன்று. தனி விதியாகச் சேர்க்கப்பட்டது. எது அளவீடு, எப்போது சரிவு நிகழ்கிறது என்பதும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

அமெரிக்காவின் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரின் மாணவராக இருந்த ஹியூ எவரெட் (1930–1982) 1957-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தச் சரிவை முற்றிலும் நீக்கினார். சுரோடிங்கர் சமன்பாடு எக்காலத்தும் எல்லாப் பொருள்களுக்கும் பொருந்தும் என்றும், அளவிடும் கருவியும் அளவிடும் மனிதரும் அதற்கு விலக்கல்ல என்றும் கொண்டார். அதன்படி, மேற்கண்ட சோதனைக்குப் பின் அலைச்சார்பில் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்றில் ஃபோட்டான் கடந்திருக்கும், கருவி "கடந்தது" என்று காட்டும், நோக்காளர் அதையே குறிப்பேட்டில் எழுதியிருப்பார். மற்றொன்றில் ஃபோட்டான் தடுக்கப்பட்டிருக்கும், கருவியும் நோக்காளரும் அதற்கேற்ப இருப்பார்கள். இப்பகுதிகளே கிளைகள் எனப்படுகின்றன.

கிளைகள் ஒன்றையொன்று ஏன் உணர்வதில்லை என்பதை ஒத்திசைவிழப்பு என்னும் நிகழ்வு விளக்குகிறது. கருவியைச் சுற்றியுள்ள காற்று மூலக்கூறுகள், ஒளி, வெப்பம் ஆகியவற்றோடு ஒவ்வொரு கிளையும் வெவ்வேறு விதமாகப் பிணைந்துவிடுவதால், கிளைகளுக்கு இடையிலான குறுக்கீட்டு விளைவு நடைமுறையில் மறைந்துவிடுகிறது. 1970-இல் டீட்டர் சேயும், 1980-களில் வாய்செக் சூரெக்கும் இதனை வளர்த்தெடுத்தனர். பிரைசு டிவிட் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகே எவரெட்டின் கருத்து பரவலாக அறியப்பட்டது. "பல்லுலகம்" என்னும் பெயர் நிலைபெறவும் அவரே காரணமானார்.

சிக்கலின் கூறுகள்

அன்றாட வழக்கில் நிகழ்தகவு என்பது, பல வாய்ப்புகளில் ஒன்று மட்டுமே நிகழும், அது எது என்று முன்கூட்டியே தெரியாது என்னும் நிலையைக் குறிக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விவரிக்கும் குடவோலை முறை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் (பொ.ஊ. 919, 921) சேர்ந்த அக்கல்வெட்டுகளின்படி, தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். குடத்தில் 10 ஓலைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 1/10. ஓர் ஓலை வெளியே வந்தபின் மற்ற ஒன்பது பேர் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது முடிந்த முடிவு.

பல்லுலக விளக்கம் கூறும் கிளைபிரிதல் இதிலிருந்து வேறுபட்டது. எந்த ஓலையை எடுப்பது என்பது ஒரு குவாண்டம் அளவீட்டால் முடிவு செய்யப்பட்டால், பத்துப் பேரும் தத்தம் கிளையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நிகழாமல் போன வாய்ப்பு என்று ஒன்று இல்லை. இதிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன.

1. பொருள் பற்றிய கேள்வி: எல்லாம் நிகழும் என்பதும், எப்படி நிகழும் என்பதும் முன்கூட்டியே தெரியும்போது, எதைப் பற்றிய ஐயத்தை நிகழ்தகவு குறிக்கிறது?

2. அளவு பற்றிய கேள்வி: நிகழ்தகவுக்குப் பொருள் உண்டு என்றே கொண்டாலும், அது ஏன் வீச்சின் வர்க்கமாக இருக்க வேண்டும்? இரண்டு கிளைகள் இருக்கும்போது ஏன் 1/2, 1/2 என்று கொள்ளக்கூடாது?

3. சான்று பற்றிய கேள்வி: ஏதோ ஒரு கிளையில் எந்த முடிவும் வரும் என்றால், ஆய்வகத்தில் கண்ட முடிவு கோட்பாட்டை உறுதிசெய்கிறது என்று எப்படிக் கூற முடியும்?

கிளைகளை எண்ணுவதன் குறை

எல்லாக் கிளைகளும் சம வாய்ப்புடையவை என்று கொண்டு, கிளைகளை எண்ணி நிகழ்தகவைப் பெறலாம் என்பது முதலில் தோன்றக்கூடிய எண்ணம். குடவோலைக் குடத்திற்கு இம்முறை பொருந்தும். போலராய்டு சோதனைக்கு இது பொருந்தாது என்பதைப் பின்வரும் கணக்கு காட்டுகிறது.

30 பாகையில் வைத்த தகட்டின் வழியே 10 ஃபோட்டான்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கிளைகள் எனக் கொண்டால், முடிவில் 2-இன் 10-ஆம் அடுக்கான 1024 கிளைகள் இருக்கும். ஒவ்வொரு கிளையின் எடை என்பது அக்கிளையின் வீச்சு வர்க்கம் ஆகும். கிளைகளின் எண்ணிக்கையும் மொத்த எடையும் பின்வருமாறு அமையும்.

கடந்த ஃபோட்டான்கள் 0 முதல் 3 வரை: 176 கிளைகள், மொத்த எடை 0.35 விழுக்காடு.
கடந்த ஃபோட்டான்கள் 4 முதல் 6 வரை: 672 கிளைகள், மொத்த எடை ஏறத்தாழ 22 விழுக்காடு.
கடந்த ஃபோட்டான்கள் 7 அல்லது 8: 165 கிளைகள், மொத்த எடை ஏறத்தாழ 53 விழுக்காடு.
கடந்த ஃபோட்டான்கள் 9 அல்லது 10: 11 கிளைகள், மொத்த எடை ஏறத்தாழ 24 விழுக்காடு.

எண்ணிக்கையில் பார்த்தால், மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் உள்ள கிளைகளில் பாதியளவு ஃபோட்டான்களே கடந்திருக்கின்றன. ஆய்வகங்களில் காணப்படுவதோ நான்கில் மூன்று. அதாவது கிளைகளை எண்ணும் முறை, மாலஸ் விதிக்கே முரணான முடிவைத் தருகிறது. ஃபோட்டான்களின் எண்ணிக்கை கூடக்கூட இந்த முரண்பாடும் கூடும். எடையைக் கொண்டு கணக்கிட்டால் மட்டுமே சோதனையோடு பொருந்துகிறது.

பத்து ஃபோட்டான்களும் தடுக்கப்பட்ட கிளை ஒன்றும் இதில் உண்டு. அதன் எடை 10,48,576-இல் ஒரு பங்கு. அக்கிளையில் உள்ள நோக்காளர் தம் குறிப்பேட்டைப் பார்த்து, மாலஸ் விதி தவறு என்றே முடிவு செய்வார். அவர் செய்த சோதனையில் பிழை ஏதும் இல்லை. சான்று பற்றிய கேள்வியின் கடுமையை இக்கிளை உணர்த்துகிறது.

கிளைகளை எண்ணுவதில் மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. ஒத்திசைவிழப்பு படிப்படியாக நிகழ்வதால், ஒரு கிளை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதற்குத் துல்லியமான எல்லை இல்லை. ஒரு காற்று மூலக்கூறின் மோதலைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்பதைப் பொறுத்து எண்ணிக்கை பல மடங்கு மாறிவிடும். ஆனால் ஒரு கிளை எத்தனை உட்கிளைகளாகப் பிரிந்தாலும், அவற்றின் எடைகளைக் கூட்டினால் தாய்க்கிளையின் எடையே கிடைக்கும்.

வர்க்கம் ஏன்?

எடை என்பது வீச்சாக இல்லாமல் வீச்சின் வர்க்கமாக இருப்பதற்கான காரணத்தைப் பிதாகரஸ் தேற்றத்தின் துணையால் காணலாம். கர்ணத்தின் நீளம் 1 அலகு உள்ள செங்கோண முக்கோணத்தில் மற்ற இரு பக்கங்கள் 30 பாகைக்கு உரிய கொசைன், சைன் மதிப்புகள், அதாவது 0.866, 0.5. இவையே "கடந்தது", "தடுக்கப்பட்டது" ஆகிய கிளைகளின் வீச்சுகள். இவற்றைக் கூட்டினால் 1.366, இது 1-ஐ மீறுவதால் மொத்த நிகழ்தகவாக இருக்க முடியாது. வர்க்கங்களைக் கூட்டினால் 0.75 + 0.25 = 1. சுரோடிங்கர் சமன்பாட்டின்படி அலைச்சார்பு மாறும்போது இந்த வர்க்கங்களின் கூடுதல் மாறுவதே இல்லை.

கிளைகள் மேலும் பிரியும்போது கூட்டுத்தொகை மாறாமல் இருக்க வேண்டும், எடை வீச்சின் அளவை மட்டுமே சார்ந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனைகளை நிறைவு செய்வது வீச்சின் வர்க்கம் ஒன்றே என்று எவரெட் தம் 1957 ஆய்விலேயே காட்டினார். அதே ஆண்டில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஆண்ட்ரூ கிளீசன் இன்னும் பொதுவான ஒரு தேற்றத்தை நிறுவினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பரிமாணங்கள் கொண்ட குவாண்டம் அமைப்பில், முரணின்றி நிகழ்தகவுகளை ஒதுக்கும் எந்த முறையும் போர்ன் விதியின் வடிவிலேயே அமையும் என்பது அதன் கருத்து.

இத்துறையின் கணித அடித்தளத்தில் சென்னையோடு தொடர்புடைய இருவரின் பங்களிப்பு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். வரதராஜன் 1968-இல் வெளியிடத் தொடங்கிய குவாண்டம் கோட்பாட்டின் வடிவியல் பற்றிய நூலும், சென்னையில் பிறந்த கே. ஆர். பார்த்தசாரதி (1936–2023) 1992-இல் வெளியிட்ட குவாண்டம் வாய்ப்பியல் நுண்கணித நூலும் கிளீசன் தேற்றத்தை விரிவாக எடுத்துரைக்கின்றன. இருவரும் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஆய்வு செய்தவர்கள். பார்த்தசாரதி 1984-இல் இராபின் அட்சனுடன் இணைந்து குவாண்டம் நிகழ்தகவுக்கான நுண்கணிதத்தை உருவாக்கினார்.

எவரெட்டின் நிறுவலும் கிளீசன் தேற்றமும் அளவு பற்றிய கேள்விக்கே விடை தருகின்றன. நிகழ்தகவு என்று ஒன்று இருக்குமானால் அது வர்க்கமாகத்தான் இருக்க முடியும் என்பது இவற்றால் தெரிகிறது. எல்லாமே நிகழும் உலகில் அந்த எண்ணை ஏன் நிகழ்தகவு என்று அழைக்க வேண்டும் என்ற முதல் கேள்வி அப்படியே நிற்கிறது.

சோதனைச் சான்று: மூன்று பிளவு ஆய்வு

வர்க்க விதி சோதனையில் நேரடியாகவும் ஆராயப்பட்டுள்ளது. மூன்று பிளவுகளின் வழியே ஒளி செல்லும்போது, மூன்று வீச்சுகளும் கூடி, பின் வர்க்கமாகின்றன. பள்ளி இயற்கணிதத்தில் உள்ளபடி,

(அ + ஆ + இ)² = அ² + ஆ² + இ² + 2அஆ + 2ஆஇ + 2இஅ

இதில் இரண்டிரண்டு எழுத்துகளின் பெருக்கல்கள் மட்டுமே உள்ளன. மூன்று எழுத்துகளும் சேர்ந்த உறுப்பு இல்லை. வர்க்கத்திற்குப் பதிலாகக் கனம் என்று விதி இருந்திருந்தால் 6அஆஇ என்னும் உறுப்பு தோன்றியிருக்கும். எனவே மூன்று பிளவுகளும் திறந்திருக்கும்போது கிடைக்கும் ஒளிச்செறிவு, பிளவுகளைத் தனித்தனியாகவும் இரண்டிரண்டாகவும் திறந்து பெற்ற அளவுகளைக் கொண்டே முழுமையாகக் கணிக்கப்பட வேண்டும். இதனை 1994-இல் இரபேல் சோர்க்கின் சுட்டிக்காட்டினார்.

உர்பசி சின்காவும் அவருடைய குழுவினரும் கனடாவின் வாட்டர்லூவில் இச்சோதனையைச் செய்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். மூவழிக் குறுக்கீடு என்று ஒன்று இருந்தாலும், அது வழக்கமான இருவழிக் குறுக்கீட்டில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு என்று அவர்கள் கண்டனர். சின்கா பின்னர் பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனத்தில் தம் ஆய்வகத்தை அமைத்தார். பிளவுகளுக்குள் வளைந்து நுழைந்து செல்லும் பாதைகளால் ஏற்படும் மிகச் சிறிய திருத்தத்தை நுண்ணலைகளைக் கொண்டு அளந்து, அக்குழு 2018-இல் வெளியிட்டது. அத்திருத்தம் போர்ன் விதிக்கு முரணானதன்று.

இச்சோதனைகள் பல்லுலக விளக்கத்தையும் பிற விளக்கங்களையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. எல்லா விளக்கங்களும் போர்ன் விதியையே ஏற்கின்றன. எனினும் வர்க்க விதி சரி என்று நம்புவதற்கான காரணம் இத்தகைய அளவீடுகளிலிருந்தே வருகிறது. அந்தக் காரணத்தைத் தன் கட்டமைப்புக்குள் நியாயப்படுத்தும் கடமை பல்லுலக விளக்கத்திற்கு உண்டு.

முன்வைக்கப்பட்டுள்ள தீர்வுகள்

இருப்பிட ஐயம்

இசுரேலிய இயற்பியலாளர் லெவ் வைட்மன் 1998-இல் முன்வைத்த கருத்தின்படி, உலகம் முழுவதையும் பற்றி எல்லாம் தெரிந்திருந்தாலும், அதில் "நான் எங்கே இருக்கிறேன்" என்பது தெரியாமல் இருக்கலாம். அவருடைய வாதத்தை இவ்வாறு விளக்கலாம். ஒருவர் மயக்க மருந்து உட்கொண்டு உறங்குகிறார். அப்போது போலராய்டு சோதனை செய்யப்படுகிறது. ஃபோட்டான் கடந்தால் அவர் இராசபாளையத்தில் உள்ள ஓர் அறையிலும், தடுக்கப்பட்டால் திருவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள, அதே தோற்றமுடைய மற்றோர் அறையிலும் படுக்கவைக்கப்படுகிறார். விழித்தெழுந்து, இன்னும் கண் திறக்காத நிலையில், "இது இராசபாளையமா, மடவார் வளாகமா" என்று அவர் கேட்டுக்கொள்வதில் பொருள் உண்டு. இரண்டு அறைகளிலும் அவர் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். கேட்பவர் எந்த அறையில் இருப்பவர் என்பதே தெரியாதது. இந்த ஐயத்தின் அளவாக நிகழ்தகவைக் கொள்ளலாம் என்பது வைட்மனின் நிலைப்பாடு.

சமச்சீர் வாதம்

அந்த ஐயத்தை ஏன் 3/4, 1/4 என்று பகிர வேண்டும் என்பதற்குச் சூரெக் 2003 முதல் ஒரு சமச்சீர் வாதத்தை முன்வைத்தார். சார்லசு செபன்சும் சான் கேரலும் பின்னர் இருப்பிட ஐயத்தை அடிப்படையாகக் கொண்ட வேறொரு வடிவத்தைத் தந்தனர். வாதத்தின் சாரம் இது: இரண்டு கிளைகளின் வீச்சுகள் சமமாக இருந்தால், ஒன்றைவிட மற்றொன்றை மிகுதியாக நம்புவதற்குக் காரணம் இல்லை, எனவே சம நிகழ்தகவு. எடைகள் சமமாக இல்லாதபோது, பெரிய கிளையைத் துணைக்கருவி ஒன்றின் உதவியால் சம எடையுள்ள உட்கிளைகளாகப் பிரிக்கலாம். 3/4 எடையுள்ள "கடந்தது" கிளையை 1/4 எடையுள்ள மூன்று உட்கிளைகளாகப் பிரித்தால், மொத்தம் சம எடையுள்ள நான்கு கிளைகள் கிடைக்கும். அவற்றில் மூன்றில் ஃபோட்டான் கடந்திருக்கிறது. ஆகவே நிகழ்தகவு 3/4. கிளைகளை எண்ணும் முறை, எடைகள் சமமாக இருக்கும்போது மட்டுமே செல்லும் என்பதும் இதனால் விளங்குகிறது.

முடிவெடுத்தல் வாதம்

ஆக்சுபோர்டைச் சேர்ந்த டேவிட் டாயிச்சு 1999-இல் வேறொரு வழியைக் காட்டினார். நிகழ்தகவு என்பது இறுதியில் ஒருவர் எப்படி முடிவெடுக்கிறார் என்பதில்தான் வெளிப்படுகிறது என்பது அவருடைய தொடக்கப் புள்ளி. ஃபோட்டான் கடந்தால் 100 ரூபாய் கிடைக்கும், தடுக்கப்பட்டால் 200 ரூபாய் இழக்க நேரிடும் என்று ஒரு பந்தயம் உள்ளதாகக் கொள்க. இரு கிளைகளையும் சமமாகக் கருதுபவருக்கு எதிர்பார்ப்பு மதிப்பு 50 − 100, அதாவது 50 ரூபாய் இழப்பு. அவர் பந்தயத்தை மறுப்பார். எடைகளைக் கருதுபவருக்கு 75 − 50, அதாவது 25 ரூபாய் ஆதாயம், அவர் ஏற்பார். முடிவுகளில் முரண்பாடு இருக்கக்கூடாது என்பது போன்ற சில பொது நெறிகளை ஏற்றுக்கொண்டால், கிளைபிரிதலை அறிந்த ஒருவர் போர்ன் எடைகளின்படியே முடிவெடுத்தாக வேண்டும் என்று டாயிச்சு வாதிட்டார். டேவிட் வாலசு இதனை மேலும் செம்மைப்படுத்தி 2012-இல் நூலாக வெளியிட்டார். இதையொட்டி இலரி கிரீவ்சு, கிளையின் எடை ஐயத்தின் அளவன்று, ஒவ்வொரு கிளையில் இருக்கப்போகும் தன் எதிர்காலத்தின் மீது ஒருவர் கொள்ளும் அக்கறையின் அளவு என்று 2004-இல் கருத்துரைத்தார்.

எதிர்வாதங்கள்

இத்தீர்வுகள் எதுவும் முழுமையாக ஏற்கப்படவில்லை. ஏட்ரியன் கெண்ட் 1990 முதல் தொடர்ந்து விமர்சித்து வருபவர். முடிவெடுத்தல் வாதத்தில் நியாயமான நெறிகள் என்று கூறப்படுபவை உண்மையில் அவ்வளவு கட்டாயமானவையல்ல என்றும், பல கிளைகளில் வாழப்போகும் ஒருவர் வேறு நெறிகளைப் பின்பற்றினால் அதை அறிவற்ற செயல் என்று கூற முடியாது என்றும் அவர் வாதிடுகிறார்.

டேவிட் ஆல்பர்ட்டின் மறுப்பு வேறு வகையானது. பந்தயத்தில் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதை விளக்குவது ஒன்று. ஆய்வகத்தில் ஏன் நான்கில் மூன்று என்ற நிகழ்வெண்ணைக் கண்டோம் என்பதை விளக்குவது மற்றொன்று. அறிவியலுக்குத் தேவையானது இரண்டாவது. தரப்படுவதோ முதலாவது என்கிறார் அவர்.

சமச்சீர் வாதத்தின் மீதும் ஒரு குறை கூறப்படுகிறது. வீச்சுகள் சமமாக இருந்தால் நம்பிக்கையும் சமமாக இருக்க வேண்டும் என்று கொள்ளும்போதே, நம்பிக்கையைத் தீர்மானிப்பது வீச்சுதான் என்ற கருதுகோள் உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதே அது. பத்து ஃபோட்டான்களும் தடுக்கப்பட்ட கிளை போன்றவற்றின் எடை மிகச் சிறியது, ஆகவே புறக்கணிக்கலாம் என்று கூறுவதிலும் இதே சுழற்சி உள்ளது. சிறிய எடை என்றால் அரிதானது என்பதுதானே நிறுவப்பட வேண்டியது.

ஆதரவாளர்கள் இதற்கு ஒரு மறுமொழி தருகின்றனர். டேவிட் பாபினோ போன்றோர் சுட்டிக்காட்டுவதுபோல, ஒரே உலகம் உள்ள கோட்பாடுகளிலும் இச்சுழற்சி இருக்கிறது. நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் ஏறத்தாழப் பாதி தலை விழும் என்று பேரெண்கள் விதி உறுதியாகக் கூறவில்லை. அவ்வாறு விழாமல் போவதற்கான நிகழ்தகவு மிகக் குறைவு என்றே கூறுகிறது. நிகழ்தகவை விளக்க நிகழ்தகவே தேவைப்படுகிறது. ஆகவே பல்லுலக விளக்கத்திடம் மட்டும் கூடுதலாகக் கேட்பது முறையன்று என்பது அவர்கள் வாதம். கிரீவ்சும் வெயின் மிர்வால்டும் 2010-இல், கிளைபிரிதலை நம்பும் ஒருவர் கூட, கண்ட நிகழ்வெண்களைக் கொண்டு தம் நம்பிக்கைகளைத் திருத்திக்கொள்ள முடியும் என்று காட்ட முயன்றனர். சான்று பற்றிய மூன்றாவது கேள்விக்கு நேரடியாக விடை தர முற்பட்ட ஆய்வு இது.

பரவலான தவறான புரிதல்கள்

நினைக்கக்கூடிய எல்லாமே ஏதோ ஓர் உலகில் நடக்கும் என்பது பல்லுலக விளக்கத்தின் கூற்று அன்று. சுரோடிங்கர் சமன்பாடு அனுமதிப்பவை மட்டுமே கிளைகளாகின்றன. இரண்டு தகடுகளின் அச்சுகளும் சரியாக 90 பாகையில் இருந்தால் "கடந்தது" என்னும் கிளையின் வீச்சு சுழி. அப்படிப்பட்ட கிளையே இல்லை. 

ஒருவர் மனத்தில் செய்யும் ஒவ்வொரு தெரிவுக்கும் உலகம் பிரிகிறது என்பதும் சரியன்று. கிளைபிரிதலுக்குக் காரணம் குவாண்டம் நிகழ்வுகளும் ஒத்திசைவிழப்பும் ஆகும். மனித விருப்பம் அதில் தனிப் பங்கு வகிப்பதில்லை.

தலைக்கவசமின்றி வண்டி ஓட்டினாலும் ஏதோ ஒரு கிளையில் பிழைத்துக்கொள்வேன், ஆகவே அச்சமில்லை என்னும் வகையான எண்ணமும் இவ்விளக்கத்திலிருந்து பெறப்படுவதன்று. விபத்து நேரும் கிளைகளும் அதே அளவு உண்மையானவை. அவற்றில் துன்புறுவோரும் உண்மையானவர்களே. மேலே கூறப்பட்ட தீர்வுகள் எல்லாம், கிளையின் எடையை வழக்கமான நிகழ்தகவைப் போலவே நடத்த வேண்டும் என்னும் ஒரே முடிவுக்கே வருகின்றன. அதன்படி, ஒரே உலகம் என்று நம்புபவர் எந்த இடர்களைத் தவிர்ப்பாரோ அவற்றையே பல உலகங்களை நம்புபவரும் தவிர்க்க வேண்டும்.

தற்போதைய நிலை

எவரெட்டின் ஆய்வு வெளியாகி 50 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 2007-இல் ஆக்சுபோர்டிலும் கனடாவின் பெரிமீட்டர் நிறுவனத்திலும் நடந்த கருத்தரங்குகளில் நிகழ்தகவுச் சிக்கல் முதன்மையான பொருளாக இருந்தது. அவற்றின் கட்டுரைகள், ஆதரவு, மறுப்பு ஆகிய இரு தரப்பையும் உள்ளடக்கி, 2010-இல் நூலாக வெளிவந்தன. அளவு பற்றிய இரண்டாம் கேள்வியில், நிகழ்தகவு இருக்குமானால் அது வீச்சின் வர்க்கமே என்பதில் பெருமளவு உடன்பாடு உள்ளது. எல்லாம் நிகழும்போது நிகழ்தகவு எதனைக் குறிக்கிறது, கண்ட முடிவுகள் எவ்வாறு சான்றாகின்றன என்னும் மற்ற இரண்டு கேள்விகளும் இயற்பியலாளர்களும் மெய்யியலாளர்களும் இணைந்து ஆராயும் திறந்த கேள்விகளாகவே தொடர்கின்றன.